தாம்பாளமும் நண்டும்

அவள் அதுவரை வரைந்ததெல்லாம் பார்ஜ்கள். கருங்கல்லும் நிலக்கரியும் ஏற்றிக்கொண்டு இழுவைப் படகின் பின்னால் முகம் சுளிக்காமல் போகும் தட்டையான இரும்புப் பெட்டிகள். யாரும் நின்று அழகு பார்க்காத கப்பல்கள். கப்பல் வடிவமைப்பாளராக அவளுடைய பாதி ஆயுள் அதில் போய்விட்டது. அந்த நேரத்தில்தான் ராக்கெட் கம்பெனி ஒன்று துறைமுகத்தின் ஓரத்தில் கிடந்த பழைய கப்பல் பட்டறையை வாங்கிப்போட்டு, விண்ணுக்குப் போய்த் திரும்பி வரும் ராக்கெட்டைக் கடலிலேயே இறக்க ஒரு மிதக்கும் மேடை வேண்டும் என்று ஆள் தேடியது. பெரிய பெரிய கப்பல்களை வரைந்தவர்கள் எல்லாம் வரிசையில் நின்றார்கள். வேலை இவளுக்குக் கிடைத்தது. நேர்முகத்தில் மற்றவர்கள் ராக்கெட்டைப் பற்றியே பேசினார்களாம். இவள் ஒருத்திதான் அலையைப் பற்றிப் பேசினாள்.

மேடை என்றால் என்னவோ ஏதோ என்று தோன்றும். அடிப்படையில் அது ஒரு கிழட்டு பார்ஜ். அதற்கு இரண்டு பக்கமும் இரும்புச் சிறகு வைத்து அகலமாக்க வேண்டும். நான்கு மூலையிலும் தண்ணீருக்கடியில் விசிறிகள். காற்று ஒரு பக்கம் தள்ளினால் அவை மறுபக்கம் தள்ளி, மேடையை ஒரே இடத்தில் நிறுத்த வேண்டும். வயிற்றுக்குள் தொட்டிகள், தண்ணீரை இங்கும் அங்கும் மாற்றித் தளத்தைச் சமமாக வைக்க. ஒரு ஓரத்தில் நெருப்பைத் தாங்கும் கனத்த சுவர், நடுவே வெள்ளை வட்டம். ராக்கெட் இறங்கும் நேரத்தில் மேடையில் ஈ காக்கை இருக்கக் கூடாது.

வேலை தொடங்கிய முதல் வாரமே பட்டறையில் அதற்குத் தாம்பாளம் என்று பெயர் விழுந்துவிட்டது. நடுக்கடலில் தாம்பாளத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறோமாம், வானத்திலிருந்து வரும் மகராசன் வந்து காலை வைக்கட்டும் என்று. கம்பெனி வைத்த நீளமான பெயரை வாசல் காவலாளிகூட ஒருநாளும் சொன்னதில்லை.

பெயர் வைத்த வாய் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய கொழுந்தன்.

அவனைத் துறைமுகம் முழுக்கக் கட்டுக்காரன் என்றுதான் கூப்பிடும். கப்பலில் ஏற்றிய சரக்கைச் சங்கிலியும் கம்பியும் போட்டு இறுக்கிக் கட்டும் கூட்டத்துக்கு அவன் தலைவன். அவன் கட்டியது புயலிலும் அசையாது என்று பேர். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவன். அண்ணன் வீட்டு மாடி அறையில் குடியிருந்தான். அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். இரண்டு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிற மனிதர். ஆக அந்த வீட்டில் பேச்சு என்று ஒன்று நடந்தால் அது கொழுந்தனுக்கும் அண்ணிக்கும் நடுவில்தான். சாயங்காலம் வந்ததும் அடுப்படி வாசலில் சாய்ந்து நின்று, துறைமுகத்தில் யார் யாரிடம் எப்படி வாங்கிக் கட்டிக்கொண்டார்கள் என்று நடித்துக் காட்டுவான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். பட்டறைக்கு ஆள் எடுத்தபோது அவனையும் அவன் கூட்டத்தையும் உள்ளே கொண்டுவந்தது அவள்தான்.

தாம்பாளத்தின் தலைவலி ராக்கெட் இறங்குவதில் இல்லை. இறங்கிய பிறகுதான். வருவது ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் உயரம். எரிபொருள் தீர்ந்து வெறும் குழாயாக வந்து நான்கு காலை விரித்து நிற்கும். கனமெல்லாம் அடியில் என்பதால் சட்டென்று சாயாது. ஆனால் சறுக்கும். இரும்புத் தளம், அதன்மேல் கடல்தண்ணீர், அதன்மேல் உலோகக் கால். சோப்பு கொட்டிய குளியலறையில் நாற்காலி போட்ட மாதிரி. அவள் ஒரு சின்ன மாதிரி செய்து அலைத்தொட்டியில் மிதக்கவிட்டுப் பார்த்தாள். அலை கிளம்பியதும் குட்டி ராக்கெட் நின்ற நிலையிலேயே ஓரம் வரைக்கும் வழுக்கிக்கொண்டு போனது. அங்கே ஒரு கணம் யோசித்து நிற்பதுபோல நின்றது. பிறகு தலைகுப்புற விழுந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் அதைத் தண்ணீரிலிருந்து எடுத்து மறுபடியும் நடுவில் நிறுத்தினாள்.

அப்போது வரைந்ததுதான் நண்டு. தாழ்வான, அகலமான ஒரு வண்டி. நெருப்புச் சுவரின் பின்னால் பதுங்கிக் கிடக்கும். ராக்கெட் இறங்கியதும் ஊர்ந்து வெளியே வந்து, அதன் வயிற்றுக்கடியில் புகுந்து, நான்கு கையாலும் அடிப்பாகத்தைக் கவ்விக்கொள்ளும். தன் கனத்தாலேயே தளத்தை விட்டு நகராது. தூரத்தில் துணைக்கப்பலில் உட்கார்ந்துகொண்டு ஒரே ஆள் அதை ஓட்டலாம். மனிதக் கால் மேடையில் படும்போது ராக்கெட் ஏற்கெனவே பிடிபட்டிருக்கும்.

திட்டத்துக்கு ஓர் இயக்குநர் இருந்தார். கொடுமைக்காரர் இல்லை. குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. ஆனால் எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும், "நல்லா இருக்கு. தேதி என்ன?" என்பார். அதனால் முதுகுக்குப் பின்னால் அவருக்குத் தேதி என்றே பெயர்.

ஆய்வுக் கூட்டத்தில் அவள் நண்டின் படத்தைத் திரையில் போட்டு விளக்கினாள்.

"நல்லா இருக்கு," என்றார் தேதி. "எப்ப முடியும்?"

"மேடை முடிஞ்சதுக்கு அப்புறம் இன்னொரு மழைக்காலம் தாண்டும் சார். கை நாலும் புதுசா செய்யணும். சோதிச்சுப் பாக்கணும்."

"அதுவரைக்கும் மேடை சும்மா நிக்குமா?"

"நண்டு இல்லாம மேடைய கடலுக்கு அனுப்பவே கூடாதுங்கறேன்."

அவர் பேனாவை மேசையில் உருட்டினார். "ஆனா உங்க வீட்டு ஆளே வேற மாதிரி சொல்றாரே."

அவளுக்கு விளங்கவில்லை.

"கட்டுக்காரர்தான். போன வாரம் என்னைத் தேடி வந்தார். ராக்கெட் இறங்கினதும் ஆறு பேர் படகுல போய் ஏறிடறோம், ஜாக்கி வெச்சு, சங்கிலி போட்டு, கால் மேல இரும்புப் பட்டை மாட்டி வெல்டு அடிச்சுடறோம்னார். அவங்க பாக்காத ஆட்டமா? எனக்கு நியாயமாத்தான் பட்டுது."

மேசையைச் சுற்றியிருந்தவர்களுக்குத் திடீரென்று தங்கள் காகிதங்களில் பார்க்க நிறைய இருந்தது. அவளுக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

"சார், அவங்க சரக்கைக் கட்டறது கரையோரமா நிக்கற கப்பல்ல. கட்டினதுக்கு அப்புறம்தான் கப்பல் கடலுக்குப் போய் ஆடும். இது ஆடிக்கிட்டு இருக்கும்போதே போய்க் கட்டறது. ரெண்டும் ஒண்ணு இல்ல."

"நண்டு வேணாம்னு யாரும் சொல்லலையே. முதல் கொஞ்ச தடவைக்கு ஆளுங்க. பிறகு நண்டு."

எல்லாரும் தலையாட்டினார்கள். அவள் மறுபடியும் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். நண்டு 'பிறகு' என்ற அலமாரிக்குள் போனது.

சாயங்காலம் அவன் வழக்கம்போல அடுப்படி வாசலில் வந்து சாய்ந்தபோது அவள் திரும்பவில்லை.

"என்ன அண்ணி, கடல் கொந்தளிப்பா இருக்கு?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?"

அவன் முகத்திலிருந்து விளையாட்டு இறங்கிப்போனது.

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

"விட்டிருக்க மாட்டேன்."

"அதான் சொல்லல."

"தம்பி, அது வழுக்கிக்கிட்டு வந்தா பத்து யானை சேர்ந்தாலும் நிறுத்த முடியாது. நான் தொட்டியில பாத்தேன்."

"தொட்டியில இருந்தது பொம்மை. நான் ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லுங்க. நண்டு வந்துட்டா என் ஆளுங்களுக்கு அங்க என்ன வேலை?"

"ஏதாவது இருக்கும். தளத்துக்கு பெயிண்ட் அடிக்கணும், துரு சுரண்டணும்..."

"பெயிண்ட்." அவன் அந்தச் சொல்லை வாயில் போட்டு மென்று துப்பினான். "ஊசிக்கு ரெண்டு பொண்ணுங்க. துறைமுகத்துல புது கிரேன் வந்தப்ப ஒரு தடவை அவன் தெருவுக்கு வந்தான். இப்ப எங்க அண்ணியே ஒரு நண்டு வரைஞ்சு அனுப்பியிருக்காங்க, நடையைக் கட்டுடான்னு நானே போய் அவன்கிட்ட சொல்லணுமா?"

ஊசி அவனுடைய வலக்கை. கம்பிச் சந்துகளில் நுழைந்து வெளியே வரும் ஒல்லி மனிதன். அந்தப் பெயர் அதனால்.

"உங்க உசுருக்காகத்தான் அதை வரைஞ்சேன்."

"எங்க உசுரை நாங்க பாத்துக்கறோம். நீங்க எங்க சோத்தைப் பாத்திருக்கணும்."

கூடத்திலிருந்து அவளுடைய கணவர், "தட்டு எடுத்து வைக்கவா?" என்று கேட்டார். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.

அவள் வேலையை விட்டிருக்கலாம். இதில் என் கை இருக்காது என்று எழுந்து வந்திருக்கலாம். செய்யவில்லை. தாம்பாளம் தண்ணீரில் இறங்குவதைப் பார்க்க அவளுக்கும் ஆசை இருந்தது. பார்ஜ்காரி என்று உதட்டைப் பிதுக்கியவர்கள் வாயைப் பிளக்க வேண்டும் என்ற ஆசை. அதற்குப் பதிலாகக் கொழுந்தனும் சரி என்று சொன்ன ஒரு விதியை எழுதி வாங்கிக்கொண்டாள்: அலை ஓர் ஆளின் இடுப்புக்கு மேல் எழும்பினால் மேடையில் யாரும் ஏறக் கூடாது. "கண்டிப்பா," என்றார் தேதி. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் தூங்கினாள்.

பிறகு வேலை ஜரூராக நடந்தது. வெயிலில் கொதிக்கும் இரும்பில் வெல்டு அடித்து அடித்து ஆட்களின் கண்கள் சிவந்தன. சிறகுகள் ஒட்டின. விசிறிகள் சுழன்றன. முதல்முறை அவை எல்லாம் ஒரே திசையில் தள்ளி, மேடை பட்டறைச் சுவரில் போய் முட்டியது. கொழுந்தன் கரையில் கட்டிப்போட்ட தளத்தின்மேல் மரத்தால் ராக்கெட்டுக்கு ஒரு பொய்க்கால் செய்துவைத்துக்கொண்டு கூட்டத்தைப் பழக்கினான். சண்டை முழுதாகத் தீரவில்லை, ஆறியது. ஒருநாள் தானும் அவனும் பழையபடி பேசிக்கொண்டிருப்பதை அவள் கவனித்தாள்.

முதல் இறக்கத்துக்கு எல்லாரும் துணைக்கப்பலில் போனார்கள். காலை வெளிச்சம் நன்றாக இருந்தது. தாம்பாளம் தூரத்தில் தனியாகக் கிடந்தது, யாரோ மறந்துவைத்துவிட்டுப் போன பாத்திரம்போல. வானத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. புள்ளியின் அடியில் நெருப்பு பூத்தது. சத்தம் தாமதமாக வந்து நெஞ்சுக்கூட்டைத் தட்டியது. புகை மேடையை மூடிக்கொண்டது.  புகை விலகியபோது வட்டத்துக்குச் சற்று தள்ளி, நான்கு காலையும் ஊன்றி, அது நின்றுகொண்டிருந்தது.

கப்பல் அதிர்ந்தது. யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று தெரியவில்லை. தேதி அழுதுகொண்டிருந்தார். கொழுந்தன் கைப்பிடிக் கம்பியில் ஏறி நின்று, "அண்ணி! உங்க தாம்பாளத்துல வந்து உக்காந்துட்டான் அண்ணி!" என்று கத்தினான். அவளுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. வாழ்நாளில் அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு அதற்கு முன் வந்ததில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

அலை ஏறத் தொடங்கியது அதன் பிறகுதான். எங்கோ தொலைவில் அடித்த புயலின் மிச்சம் நீளமான அலைகளாக வந்து சேர்ந்தது. தாம்பாளம் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து, மெதுவாக நிமிர்ந்தது. அலை இடுப்பைத் தாண்டி மார்பளவுக்கு எழும்பியது.

"யாரும் போகக் கூடாது," என்றாள் அவள்.

"விட்டா சறுக்கி விழுந்துடும்," என்றார் தேதி.

"விழட்டும் சார்."

சுற்றி நின்றவர்கள் அவளைப் பெற்ற பிள்ளையைத் தூக்கிப் போடச் சொன்னவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். தேதி உத்தரவு போடவில்லை. அவர் அப்படிப் போடுகிறவரும் இல்லை. கொழுந்தன் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில் கேட்டார். "நீங்க என்ன நினைக்கறீங்க? கட்டாயம் எதுவும் இல்ல."

கொழுந்தன் தன் ஆட்களைப் பார்த்தான். கட்டுக்காரர்கள் வேண்டும் என்று சொல்லி வாங்கிய வேலை. முதல் நாளே முடியாது என்றால் மறுநாள் அவர்கள் எதற்கு? அவன் கணக்கு அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

"போறோம் சார்."

அவள் அவனுடைய மிதவைச் சட்டையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம். விதி இருக்கு. நீதான் அன்னைக்குச் சரின்னு சொன்ன."

அவன் அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டான். "அண்ணி, இதையெல்லாம் வீட்டுல பேசிக்கலாம்," என்றான். கூட்டம் சிரித்தது. அவனும் சிரித்தான். படகு இறங்கியது.

இரண்டு காலுக்குச் சங்கிலி விழும்வரை எல்லாம் சரியாகத்தான் போனது. ரேடியோவில் அவன் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. இழு, விடு, பூட்டு. மூன்றாவது காலுக்கு ஜாக்கி வைக்க ஊசி குனிந்திருந்தபோது ஒரு பெரிய அலை தாம்பாளத்தின் ஓரத்தைத் தூக்கியது. ஒரு சங்கிலி அறுந்தது. அந்தச் சத்தம் துணைக்கப்பல் வரைக்கும் கேட்டது. அவ்வளவு உயரமான பொருள் நின்ற நிலையிலேயே, அவசரமே இல்லாமல், ஓரத்தை நோக்கி நகர்ந்தது. அதன் வழியில் ஊசி. கொழுந்தன் பாய்ந்து அவனைத் தள்ளினான். தள்ளியவனின் வலது கால் ராக்கெட்டின் பாதத்துக்கும் மேடை விளிம்பின் இரும்புத் தடுப்புக்கும் நடுவில் மாட்டியது. ராக்கெட் அங்கேயே நின்றது.

ரேடியோவில் கூச்சல். பிறகு எல்லாவற்றையும் மீறி அவன் குரல். "என்னை விடுங்கடா. முதல்ல அதைக் கட்டுங்க. கட்டாம ஜாக்கி போட்டா எல்லாரும் போய்ச் சேருவோம். கட்டு!"

அவர்கள் கட்டினார்கள். அவன் அங்கே கிடந்தபடியே எந்தச் சங்கிலி எங்கே என்று சொன்னான். நடுவில் குரல் குழறியது, திரும்பவும் தெளிந்தது. அவள் ரேடியோவின் முன்னால் நின்று முழுவதையும் கேட்டாள். யாரோ அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். அவள் உட்காரவில்லை.

ராக்கெட் துறைமுகத்துக்கு வந்தபோது அதன் படம் எல்லா இடத்திலும் வந்தது. கம்பீரமாக நின்றது. காலில் ஒரு கீறல் இல்லை. தளத்தை வருமுன்பே கழுவிவிட்டிருந்தார்கள்.

அவனுடைய காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தேதி மருத்துவமனைக்கு வந்தார். படுக்கை அருகில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார், உண்மையாகவே உடைந்துபோய்த்தான் இருந்தார். வெளியே நடைபாதையில் அவளைப் பார்த்ததும், "நண்டுக்கு கம்பெனியில எல்லாம் சரின்னு சொல்லிட்டாங்க. எத்தனை ஆள் வேணுமோ எடுத்துக்குங்க," என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஒரு தேதி மட்டும் சொல்லிடுங்க," என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்திருந்தால் நிறுத்தியிருக்க முடியாது. அடக்கிக்கொண்டு ஒரு தேதி சொன்னாள்.

கேட்ட ஆள், கேட்ட இரும்பு, கேட்ட இயந்திரம் எல்லாம் வந்து குவிந்தன. மழைக்காலம் தாண்டும் என்று அவள் சொன்ன நண்டு, மழை தொடங்குவதற்கு முன்பே எழுந்து நின்றது. அன்றைக்கு இதில் பாதி ஆளைக் கொடுத்திருந்தால் மேடையோடு சேர்ந்தே முடிந்திருக்கும். அதை நினைக்கும்போதெல்லாம் நாக்கின் அடியில் கசந்தது. பட்டறையில் அவளைப் பார்க்கிறவர்கள், "நீங்க அன்னைக்கே சொன்னீங்க மேடம்," என்றார்கள். அன்றைக்கு அந்த மேசையில் காகிதம் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

வீட்டில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. கணவர் ஒருநாள் கடையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றியபடியே, "அவனை அங்க கூட்டிட்டுப் போனது நீதானே," என்றார். குற்றம் சாட்டுகிற குரல்கூட இல்லை. ஞாபகப்படுத்துகிற குரல். அதன்பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் அவள் சண்டையாவது போட்டிருப்பாள்.

நண்டு முடிந்ததும் கட்டுக்காரர்களின் கூட்டத்தை அனுப்பிவிட்டார்கள். தேதி ஒவ்வொருவர் கையையும் பிடித்து நன்றி சொல்லித்தான் அனுப்பினார். கொழுந்தனுக்கு மட்டும் வேலை இருந்தது. நண்டை ஓட்டும் நாற்காலி. துணைக்கப்பலில் உட்கார்ந்து செய்கிற வேலை, கால் தேவையில்லை.

செய்தி பரவிய அன்று ஊசி வீட்டுக்கு வந்தான். கூடத்தில் உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. கொழுந்தன் கூடத்துக் கட்டிலில், செயற்கைக் காலைப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

"உன் காலைக் குடுத்து என்னைக் காப்பாத்தின," என்றான் ஊசி. "நான் செத்தாலும் அதை மறக்க மாட்டேன். ஆனா அந்த நாற்காலியில போய் உக்காராத."

"நான் உக்காரலைன்னா வேற எவனாவது உக்காருவான்."

"உக்காரட்டும். எவனோ ஒருத்தன்னா எங்களுக்கு வலிக்காது."

"நான் என்னடா பண்ண? ஒத்தக் காலோட எந்தக் கப்பல்ல ஏறுவேன்?"

ஊசி திரும்பி, உள்ளே நின்ற அவளை ஒரு பார்வை பார்த்தான். "நல்ல குடும்பம்," என்றான். "ஒருத்தர் நண்டு செய்யறீங்க, ஒருத்தர் மேய்க்கறீங்க." வாசல் கதவைச் சாத்தாமல் போனான். பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

கொழுந்தன் நாற்காலியில் உட்கார்ந்தான். ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவள். பட்டறையின் ஒரு மூலையில், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நண்டு. இந்தப் பக்கம் திரையும் நெம்புகோல்களும். சட்டென்று பிடித்துக்கொண்டான். கை அழுத்தம் எவ்வளவு தாங்கும், எந்தக் கை முதலில் போக வேண்டும் என்று அவன் கேட்டதெல்லாம் சரியான கேள்விகள். சில நாள் பழையபடி ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கவும் பார்த்தான். ஒருநாள் நான்கு கையும் ஒரே சமயத்தில் வந்து, ராக்கெட்டுக்குப் பதிலாக நிறுத்திய மரக்குழாயைக் கவ்வியபோது, நெம்புகோலிலிருந்து கையை எடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னான்:

"இது அன்னைக்கே இருந்திருந்தா..."

மாதக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவள் அவள். வார்த்தை அவளைக் கேட்காமல் வெளியே வந்தது.

"இருந்திருக்கும். நீ போய் அவர்கிட்ட சொல்லாம இருந்திருந்தா."

அந்தப் பக்கம் நண்டின் எண்ணெய்க் குழாய்கள் உஸ்ஸென்று அடங்கின. 

"சரி. நான் போய்ச் சொன்னேன். என் ஆளுங்களுக்கு வேலை வேணும்னு சொன்னேன். தப்புன்னே வெச்சுக்குங்க." அவள் பக்கம் திரும்பினான். "நீங்க அன்னைக்கே வேலையை விட்டு எந்திரிச்சு வெளிய வந்திருந்தா அந்த மேடை நகர்ந்திருக்குமா? உங்களைத் தவிர அதைக் கட்டி முடிக்கத் தெரிஞ்சவன் யாரு இருந்தான்? இந்தப் பொருள் ஆளைக் கொல்லும்னு உங்களுக்குத் தெரியும். நீங்க சொல்லியும் நான் நம்பல. தெரிஞ்சவங்க ஏன் சும்மா இருந்தீங்க?"

"நான் விதி எழுதி வாங்கினேன்..."

"விதி." பெயிண்ட் என்று சொன்ன அதே வாயால்தான் சொன்னான், ஆனால் இந்த முறை மெல்லவில்லை. "நான் ஆறு குடும்பத்துக்காகப் போனேன். நீங்க எதுக்காகச் சும்மா இருந்தீங்க?"

அவளிடம் பதில் இருந்தது. அந்தப் பதிலைச் சொல்லும் அளவுக்கு அவளுக்கு நெஞ்சுத் துணிவு இல்லை.

அவன் காத்திருந்து பார்த்தான். பிறகு திரையின் பக்கம் திரும்பிக்கொண்டான். "அந்தச் சிவப்பு நெம்புகோல் எதுக்கு மேடம்?" என்றான்.

அன்றிலிருந்து அண்ணி என்ற சொல் அவன் வாயில் வரவில்லை.

அடுத்த இறக்கம் அலை உயர்ந்திருந்த ஒரு நாளில் நடந்தது. வேண்டுமென்றே அப்படி ஒரு நாளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ராக்கெட் இறங்கியது. சறுக்கவும் தொடங்கியது. அவன் அவசரப்படாமல் நண்டை வெளியே கொண்டுவந்து, அது ஓரத்துக்குப் போகும் முன் குறுக்கே மறித்துப் பிடித்தான். அவ்வளவு சுத்தமாக அதை வேறு யாரும் செய்திருக்க முடியாது. "பிடிச்சாச்சு மேடம்," என்றான். கப்பலே கை தட்டியது. தேதி அவனைத் தோளோடு அணைத்துக்கொண்டார். படம் எடுத்தார்கள். படத்தில் தேதி நடுவில், ஒரு பக்கம் அவள், மறுபக்கம் அவன். மூன்று பேரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அந்த வாரமே அவன் துறைமுகத்துக்கு அருகில் ஓர் அறை பார்த்துக்கொண்டு போய்விட்டான். மாடிப்படி ஏறுவது கஷ்டமாக இருக்கிறது என்று காரணம் சொன்னான். கீழ் அறையைக் காலி செய்து தருகிறேன் என்று அவள் சொல்லியிருந்தாள். அது அவனுக்கும் தெரியும், அவன் அண்ணனுக்கும் தெரியும். அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடப் போனார்.

சில மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் ஒருமுறை அந்த அறைக்குப் போனாள். கணவர்தான் காரில் கொண்டுபோய் விட்டார். நீ முதலில் போ, நான் பிறகு வருகிறேன் என்று காரிலேயே உட்கார்ந்துகொண்டார். தரைத்தளத்து அறை. கட்டில், ஒரு நாற்காலி, சன்னலில் காயும் சட்டை. அவளைப் பார்த்ததும் அவன் எழுந்து நின்றான். இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"உக்காருங்க மேடம்."

அவள் உட்கார்ந்தாள். வழியெல்லாம் சேர்த்துவைத்துக்கொண்டு வந்த பேச்சு ஒன்று அவளிடம் இருந்தது. எங்கிருந்து தொடங்குவது என்று அவள் தேடிக்கொண்டிருக்கும்போதே அவன் நண்டைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டான். இடது முன்கையில் எண்ணெய் ஒழுகுகிறதாம். அடுத்த இறக்கத்துக்குள் பார்த்துவிடுவது நல்லதாம். அவள் எந்த இணைப்பில் என்று கேட்டாள். அவன் சொன்னான். அவள் குறித்துக்கொள்வதாகச் சொன்னாள். பிறகு எழுந்தாள். அவன் வாசல் வரைக்கும் வந்து, பார்த்துப் போங்க, வாசப்படி உடைஞ்சிருக்கு என்று மரியாதையாக வழியனுப்பினான்.

காரில் ஏறி உட்கார்ந்ததும் கணவர் கேட்டார். "எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான். இடது கையில ஒழுகுதாம்."

அவர் பதறித் திரும்பினார். "யாருக்கு?"

"நண்டுக்கு."

அவர் சாவியிலிருந்து கையை எடுத்தார். பிறகு, தானும் போய்ப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். தம்பியின் அறை விளக்கு எரியும் சன்னல் காரிலிருந்தே தெரிந்தது. உள்ளே போன கொஞ்ச நேரத்தில் யாரோ பலமாகச் சிரிக்கும் சத்தம் கேட்டது. கொழுந்தன் எதையோ நடித்துக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். அவள் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.